பற்றாசு

மித்கால் தன் காரை இழுவை லாரியில் கொண்டுவந்தான்.
அம்மானின் மேற்கே, பயாதர் பட்டறைத் தெருவில்
தகரம் தட்டும் சத்தத்துக்கும் ஷவர்மாப் புகைக்கும் நடுவே
சாத்தியே இருக்கும் கதவு என்னுடையது.
சர்க்யூட் போர்டுக்குத் தூசி ஆகாது.

"ராத்திரி செருகினேன். டப் என்றது.
வீட்டு மெயினும் விழுந்தது.
பட்டாசா என்று கேட்கிறாள் மனைவி."
வாடகைக்கு ஓட்டுகிறவன். பேட்டரியில் பதினொரு சதவீதம்.
புதுச் சார்ஜருக்கு ஏஜென்சி கேட்ட விலையை
வாயால் சொல்லவில்லை.
இரண்டு கை விரல்களையும் விரித்தான்,
மூடினான், மறுபடி விரித்தான்.

குளிர்நீர் வாளியில் இறங்கியது.
மூடியைத் திறந்ததும் தொட்டுவிடக் கூடாது.
செத்த பிறகும் நானூறு வோல்ட்டை
விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மின்தேக்கிகள்.
பழைய பல்பு ஒன்றின் இரு கம்பிகளை வைத்தேன்.
வெள்ளையாய் எரிந்தது, மஞ்சளானது,
பிறகு சிவந்த இழை மட்டும்,
பிறகு அந்தக் கண்ணாடியில் என் முகம்.

சிலிக்கான் பசையை மூங்கில் குச்சியால்தான் தோண்டவேண்டும்.
இரும்பு பட்டால் தடம் அறுந்துபோகும்.
ஒரு மணி நேரம், நகக்கண் அளவு, நகக்கண் அளவாக.
மித்கால் ஸ்டூலில் உட்கார்ந்து
போனில் வந்த சவாரிகளை ஒவ்வொன்றாய் மறுத்துக்கொண்டிருந்தான்.

மாஸ்ஃபெட் மூன்று வெடித்திருந்தன.
ஆனால் அவை செத்தவை, கொன்றவை அல்ல.
லென்ஸை நகர்த்தினேன்.
ரிலேயின் கால்.
பற்றாசு பளபளக்கவில்லை, சாம்பல் நிறம்.
காலைச் சுற்றி மயிரிழையில் ஒரு வட்டம்:
தொட்டுக்கொண்டிருந்தது, பற்றிக்கொள்ளவில்லை.

"முன்னேயே எவனோ கை வைத்திருக்கிறானா?"
ஆமாம் என்றேன்.
"பழைய சொந்தக்காரன் எந்தக் கசாப்புக்காரனிடம் கொடுத்தானோ.
அந்தக் கை முறிய."

மூலைத் திருகின் தலையில் ஒரு பச்சைப் புள்ளி.
நகப்பூச்சு.
வேலை முடிந்தால் நான் வைப்பது.
ஜான்சத் என்ற என் பேரின் முதலெழுத்து ஜீம்;
அதன் வயிற்றில் இருக்கும் புள்ளி.

அந்த நாள் நினைவிருக்கிறது.
நோன்புப் பெருநாளுக்கு முந்தின மாலை, வாசலில் நாலு கார்.
அடியில் வைக்கும் சூட்டுத்தட்டு பழுது.
அது இல்லாமலே வைத்தேன்.
தடித்த செம்பு இருந்த சூட்டையெல்லாம் குடித்துவிட்டது.
ஈயம் உருகினாற்போலக் காட்டியது,
நானும் பார்த்தாற்போலக் காட்டினேன்.

ஈயம் பூசினாற்போலவும் பூசாதது போலவும்
ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.
ஈரம் என்று. வயசு என்று.
அமெரிக்காவில் வெள்ளத்தில் நின்ற வண்டி என்று.
பாதி உண்மைகள் மேசையில் உதிரி சாமான் போல் கிடந்தன,
எடுக்கத் தோதாக.

முதலில் வேலை.
சூட்டுத்தட்டை நூற்றிருபதில் வைத்துப் பொறுத்தேன்.
பழையதை உறிஞ்சி, துளையைக் கழுவி, புதுக் கால்.
ஈயம் இந்தத் தடவை தானாகவே ஏறியது,
ஓரங்களில் குழிந்து, வெளிச்சம் வழுக்கி நின்றது.
புகை கண்ணில் பட்டது. புகைதான்.

பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுத்தேன்.
பளிச்சென்று எரிந்தால் மறுபடி முதலிலிருந்து.
ஒரு துடி துடித்து அணைந்தது.
மித்கால் எழுந்துவிட்டான்: "போச்சா?"
"அணையத்தான் வேண்டும்" என்றேன்.

சாயங்காலம் காரில் பூட்டிச் செருகியபோது
முகப்பில் நீல விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்.
பதினொன்று. சற்றுக் கழித்துப் பன்னிரண்டு.
அவன் எண்களை வாய்விட்டு வாசித்தான்.

பில்லில் சாமான் விலை மட்டும் எழுதினேன்.
"கூலி?"
"போன தடவையே வாங்கிவிட்டேன்."
"நான் இங்கே வந்ததே இல்லையே."
"கார் வந்திருக்கிறது."

அவன் பில்லைப் பார்த்தான்.
என் கையைப் பார்த்தான்.
கையில் நகப்பூச்சுக் குப்பி,
மூடி இன்னும் திறந்தபடி.